கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை லேப்: தரம், பயிற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைட்டாலஜி லேபில், அதாவது உடம்புச் செல்களைப் பார்த்து நோய் கண்டுபிடிக்கிற லேபில், மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தே பாதி வயதைக் கழித்தவள் நான். முகாமுக்குப் போனால் பெண்கள் கேட்பார்கள், வகுப்புக்குப் போனால் மாணவிகள் கேட்பார்கள், புதிதாக லேப் தொடங்குகிறவர்கள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருவது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒரு தடவை உட்கார்ந்து எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டை மிச்சம் என்று இதை எழுதுகிறேன்.

பாப் ஸ்மியர் மெஷின் பார்க்கிற டெஸ்டா, ஆள் பார்க்கிற டெஸ்டா?

ஆள் பார்க்கிறதுதான். சர்க்கரை டெஸ்ட்டில் மெஷின் ஒரு எண்ணைக் கொடுக்கும். அந்த மெஷின் சரியாக ஓடுகிறதா என்று காலையில் விடை முன்பே தெரிந்த ஒரு கன்ட்ரோல் சாம்பிளைப் போட்டுப் பார்த்துவிடலாம். பாப் ஸ்மியரில் அப்படி இல்லை. கருப்பை வாயில் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்த செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் பரப்பி, சாயம் ஏற்றி, ஒரு மனுஷி அல்லது மனுஷன் அதை ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் வேலை பார்த்த கிரேக்க நாட்டு டாக்டர் ஜார்ஜ் பாபநிகோலாவ் 1943-ல் இதைப் புத்தகமாகவே போட்டு உலகத்துக்குக் காட்டினார். 'பாப்' என்பது அவர் பெயரின் முதல் துண்டு. அன்றிலிருந்து சாயம் பெரிதாக மாறவில்லை, பார்க்கிற கண்ணும் மாறவில்லை.

நன்றாக எடுத்த ஒரு ஸ்லைடில் குறைந்தது எட்டாயிரம், பத்தாயிரம் செல்கள் இருக்கும். அதில் கெட்ட செல் இருபதுதான் இருக்கலாம். அந்த இருபதைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த இருபதும் இல்லவே இல்லை என்று கையெழுத்துப் போடுவதுதான் அதைவிடக் கஷ்டம். பாசிட்டிவ் என்று எழுதினால் பின்னால் கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கோல்போஸ்கோபி, துண்டு வெட்டிச் சோதிக்கும் பயாப்ஸி என்று நம் வார்த்தையைச் சரிபார்க்க நாலு பேர் இருக்கிறார்கள். நெகட்டிவ் என்று எழுதினால் அந்தப் பெண் வீட்டுக்குப் போய்விடுவாள். யாரும் சரிபார்க்க மாட்டார்கள். ஒரு லேபின் தரம் என்ன என்று தெரிய வேண்டுமானால், அது தன் நெகட்டிவ் ஸ்லைடுகளை என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

அப்படியானால் நல்ல லேபிலும் தவறு நடக்குமா?

நடக்கும். ஐரோப்பா, வட அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளியான ஒரு கட்டுரைப்படி, சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு முற்றிய, புற்றுநோயாக மாறக்கூடிய செல் மாற்றங்களில் ஒரு தடவை எடுத்த பாப் ஸ்மியர் கண்டுபிடித்தது சராசரியாக 53 சதவீதம். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸைத் தேடும் டெஸ்ட் கண்டுபிடித்தது 96 சதவீதம். இதைச் சொன்னால் பலர் முகம் வாடிவிடுகிறது. அப்புறம் எப்படி பாப் ஸ்மியர் இத்தனை நாட்டில் சாவைக் குறைத்தது? காரணம், இந்த நோய்க்கு அவசரம் கிடையாது. நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக இருக்கும் பெண்ணுக்கு வைரஸ் தொற்றிலிருந்து புற்றுநோய் வரை வர 15 முதல் 20 வருஷம் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடுவில் மூன்று நான்கு தடவை பார்த்தால், ஒன்றில் தவறியது இன்னொன்றில் அகப்படும். ஒரே ஒரு தடவை எடுத்துவிட்டு 'எனக்கு ஒன்றும் இல்லை' என்று ஆயுசுக்கும் நிம்மதியாக இருக்க முடியாது.

தவறிலும் இரண்டு வகை உண்டு. கெட்ட செல் ஸ்லைடுக்கே வரவில்லை என்பது ஒன்று. வந்தது, கண்ணில் படவில்லை என்பது இன்னொன்று. முதலாவது எடுத்தவர் கையில், இரண்டாவது எங்கள் கையில்.

தவறு பெரும்பாலும் எங்கே ஆரம்பிக்கிறது?

பேனாவில். சிரிக்காதீர்கள். ஒரு கிராம முகாமிலிருந்து நாற்பது ஸ்லைடு வந்தது. பெயரை அழகாக நீல பேனாவால் எழுதி, ஆல்கஹால் ஜாடியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஜாடியைத் திறந்தால் ஆல்கஹால் இளநீலமாக இருக்கிறது, ஸ்லைடில் ஒரு எழுத்து இல்லை. நாற்பது பெண்களையும் மறுபடி கூப்பிட வேண்டியதாயிற்று. வந்தது முப்பது பேருக்குள். ஸ்லைடின் சொரசொரப்பான முனையில் பென்சிலால் எழுத வேண்டும், இல்லாவிட்டால் வைர முனைப் பேனாவால் கீற வேண்டும். பெயர் மட்டும் போதாது. ஒரே முகாமில் மூன்று செல்வி இருப்பார்கள், அதில் இரண்டு பேருக்கு 42 வயது இருக்கும். பெயரோடு பதிவு எண்ணும் இருந்தே ஆக வேண்டும். படிவத்தில் இருப்பதும் ஸ்லைடில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் லேப் அதை வாங்கவே கூடாது.

அடுத்தது காற்று. தேய்த்த கையோடு, ஈரம் இருக்கும்போதே ஸ்லைடை 95 சதவீத ஆல்கஹாலில் இறக்கிவிட வேண்டும். நர்ஸ் அடுத்த பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்து போட்டால், அதற்குள் மின்விசிறிக் காற்றில் ஓரம் காய்ந்துவிடும். காய்ந்த செல்லின் கருவான நியூக்ளியஸ் உப்பி, உள்ளே இருக்கும் மரபுப்பொருளான குரோமாட்டின் கலங்கிப் போகும். நல்ல செல் கெட்டது மாதிரியும், கெட்டது ஒன்றுமில்லாதது மாதிரியும் தெரியும். ஆல்கஹால் இல்லாத இடத்தில் ஹேர் ஸ்பிரே அடிப்பதுண்டு. அதிலும் ஆல்கஹால்தான் இருக்கிறது, வேலை செய்யும். ஆனால் ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடிக்க வேண்டும். கிட்டே வைத்து அடித்தால் செல்கள் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

அப்புறம் சாயம். நியூக்ளியஸுக்கு ஹீமாடாக்ஸிலின், அதற்கு மேல் ஆரஞ்சு ஜி, பிறகு ஈஏ என்ற கலவைச் சாயம். சரியாக ஏறினால் மேல் அடுக்குச் செல்கள் ரோஸ் நிறத்திலும் நடு அடுக்குச் செல்கள் நீலப்பச்சையிலும் பளிச்சென்று இருக்கும். நியூக்ளியஸ் ஓரம் கூராகத் தெரியும். வாரக்கணக்கில் மாற்றாத சாயத்தில் எல்லாமே கஞ்சி நிறமாகிவிடும். தினமும் முதலில் ஒரு கன்ட்ரோல் ஸ்லைடைச் சாயம் ஏற்றிப் பார்த்து, நோட்டில் ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் நோயாளிகளின் ஸ்லைடை எடுக்க வேண்டும். சாயத்தை வடிகட்டுவதும் அன்றாட வேலை. ஒரு ஸ்லைடிலிருந்து கழன்ற செல் சாயத் தொட்டியில் மிதந்து இன்னொரு ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளும். யாரோ ஒருவரின் புற்றுநோய்ச் செல் இன்னொருவர் பெயரில் ரிப்போர்ட் ஆகும் என்றால் யோசித்துப் பாருங்கள். சளி, நீர் மாதிரி வேறு சாம்பிள்களை அதே தொட்டியில் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

கடைசியாகக் கவர்ஸ்லிப், செல்களின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடி. ஸ்லைடைச் சைலீன் என்ற திரவத்திலிருந்து எடுத்து, போன் வந்தது என்று இரண்டு நிமிஷம் வெளியே வைத்துவிட்டு மூடினால், செல்லுக்கு மேல் காற்று சிக்கிக்கொண்டு பழுப்பாக, மொறுமொறு சோளப்பொரி தூவியது மாதிரி ஆகிவிடும். 'கார்ன்ஃபிளேக்' என்றே அதற்குப் பெயர். அந்தப் பழுப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். கவர்ஸ்லிப்பைக் கழற்றி மறுபடி ஒட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சோம்பல் படாமல் அதைச் செய்கிற டெக்னீஷியன் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

"சாம்பிள் போதவில்லை, மறுபடி வாங்க" என்கிறார்களே, வேலை பார்க்கச் சோம்பல் பட்டா?

இல்லை. அப்படிச் சொல்கிற லேபை நம்புங்கள். நேரடியாகத் தேய்க்கும் ஸ்லைடில் 8,000 முதல் 12,000 செதிள் செல்களாவது நன்றாகத் தெரிய வேண்டும், திரவத்தில் எடுத்து மெஷினில் படியவைக்கும் முறையில் 5,000 போதும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. மைக்ரோஸ்கோப்பில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டங்களில் சிலவற்றைப் பார்த்து மதிப்பிடுவோம். முக்கால்வாசிக்கு மேல் ரத்தமோ சீழோ மூடியிருந்தால் அது செல்லாத ஸ்லைடு. தப்பித்தவறி அதில் ஒரு கெட்ட செல் கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் செல்லாது என்று எழுதக் கூடாது, அதைத்தான் எழுத வேண்டும். மாதவிலக்கு நாளில் வராதீர்கள், முந்தைய இரண்டு நாள் உள்ளே மருந்து வைக்காதீர்கள் என்று சொல்வதெல்லாம் இந்த மூடலைத் தவிர்க்கத்தான்.

ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை ஸ்லைடு பார்க்கலாம்?

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1987-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையில் வால்ட் போக்டானிச் என்ற நிருபர், அமெரிக்க லேப்கள் பாப் ஸ்மியரை எந்த அவசரத்தில் பார்க்கின்றன என்று எழுதினார். ஸ்லைடுக்கு இவ்வளவு என்று கூலி, எவ்வளவு வேகமாகப் பார்க்கிறீர்களோ அவ்வளவு காசு. 'பாப் மில்' என்றே அந்த லேப்களுக்குப் பெயர் விழுந்தது. நோயைத் தவறவிட்டதால் பெண்கள் செத்துப் போயிருந்தார்கள். போக்டானிச்சுக்கு அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு கிடைத்தது. அமெரிக்க நாடாளுமன்றம் அதே 1988-ல் சட்டம் கொண்டுவந்தது. சுருக்கமாக 'கிளியா' என்பார்கள்.

அந்தச் சட்டம் போட்ட உச்சவரம்பு: 24 மணி நேரத்தில் ஒருவர் 100 ஸ்லைடுக்கு மேல் பார்க்கக் கூடாது. எட்டு மணி நேரத்துக்குக் குறைவாக உட்கார்ந்தால் அந்த அளவுக்கு எண்ணிக்கையும் குறைய வேண்டும். காலையில் ஒரு லேப், மாலையில் இன்னொரு லேப் என்று போனாலும் இரண்டும் சேர்ந்துதான் நூறு. இதில் எல்லோரும் மறந்துவிடுகிற ஒன்று, நூறு என்பது வரம்புதான், இலக்கு இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரின் வேலையையும் பார்த்து, அவருக்கென்று தனி அளவு வைக்க வேண்டும் என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. என் அனுபவத்தில் நேரடி ஸ்லைடில் அறுபதைத் தாண்டினால் கண் பார்க்கும், மூளை பார்க்காது. அதற்கு மேல் கேட்கிற முதலாளியிடம் அந்த அறுபத்தொன்றாவது ஸ்லைடு உங்கள் வீட்டுப் பெண்ணுடையதாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். அந்த லேபில் நான் வெகுநாள் நீடிக்கவில்லை.

நார்மல் என்று எழுதிய ஸ்லைடை யாராவது மறுபடி பார்ப்பார்களா?

பார்க்க வேண்டும். எப்படி என்பதில் நாட்டுக்கு நாடு வழி வேறு. அமெரிக்கச் சட்டப்படி நெகட்டிவ்களில் குறைந்தது பத்தில் ஒன்றை ரிப்போர்ட் போவதற்கு முன்பே இன்னொருவர் முழுசாகப் பார்க்க வேண்டும். அதில் ஆபத்து அதிகம் உள்ள பெண்களுடையதும் இருக்க வேண்டும். பிரிட்டனில் வேறு யோசனை: பத்தில் ஒன்றை முழுசாகப் பார்ப்பதற்குப் பதில், எல்லா நெகட்டிவையும் ஒன்றிரண்டு நிமிஷம் வேகமாக ஒரு பார்வை. கேட்கும்போது இரண்டாவது அரைகுறை வேலை மாதிரித் தெரியும். ஆனால் எனக்கு அதுதான் பிடிக்கும். பத்தில் ஒன்று எடுத்தால் மீதி ஒன்பதில் தவறியது தவறியதுதான். வேகமாகப் பார்க்கும்போது கண் தேடுகிற விதமே மாறுகிறது. முதல் ஆள் எந்த மூலையில் அசந்தாரோ அது சட்டென்று துருத்திக்கொண்டு தெரியும்.

இன்னொன்று, பின்னோக்கிப் பார்ப்பது. இன்று ஒரு பெண்ணுக்கு முற்றிய மாற்றம் என்று வந்தால், கடந்த ஐந்து வருஷத்தில் அதே லேபில் அவளுக்கு நெகட்டிவ் கொடுத்த ஸ்லைடுகள் அத்தனையையும் அலமாரியிலிருந்து இறக்கி மறுபடி பார்க்க வேண்டும். அதற்காகத்தான் ஸ்லைடை ஐந்து வருஷம் வைத்திருக்கச் சொல்கிறார்கள். பழைய ஸ்லைடில் அந்தச் செல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற நாள் இந்தத் தொழிலில் மிகக் கொடுமையான நாள். அந்த நாளைப் பதிவு செய்யாத லேப் எதையும் கற்றுக்கொள்ளாது.

பயாப்ஸி முடிவு வந்ததும் ஸ்மியர் ரிப்போர்ட்டோடு சேர்த்துப் பார்ப்பதும் இதில் அடக்கம். நம் ஊரில் பயாப்ஸி ஒரு ஆஸ்பத்திரியில், ஸ்மியர் ஒரு லேபில் என்று பிரிந்து கிடப்பதால் இந்த ஒப்பீடுதான் முதலில் கைவிடப்படுகிறது. டாக்டரிடம் மாதம் ஒரு தடவை போன் போட்டுக் கேட்டு எழுதி வைக்கிற லேப்களையும் பார்த்திருக்கிறேன்.

நியூசிலாந்து, அயர்லாந்து என்று சொல்கிறார்களே, அங்கே என்ன நடந்தது?

இரண்டும் வேறு வேறு பாடம். நியூசிலாந்தின் கிஸ்பர்ன் நகரில் 1990-களில் ஒரு பேத்தாலஜிஸ்ட் (செல், திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர்) தனியாளாக ஸ்மியர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது கண் கிடையாது, வெளி லேபோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கிடையாது. பிறகு ஸ்லைடுகளைச் சிட்னிக்கு அனுப்பி மறுபடி படித்தபோது, தவறவிட்டது எவ்வளவு என்று தெரிந்தது. விசாரணைக் குழு 2001-ல் அறிக்கை கொடுத்தது. ஒரு ஆள் கெட்டவர் என்பதல்ல அதன் சாரம். மற்ற ஊர்களைவிட ஒரு ஊரில் முற்றிய மாற்றம் மிகக் குறைவாக வந்துகொண்டே இருந்தது. அது ஏன் என்று கேட்க யாரும் இல்லை. ஒரு லேபில் பாசிட்டிவே வரவில்லை என்றால் அந்த ஊர்ப் பெண்கள் ஆரோக்கியம் என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் மைக்ரோஸ்கோப்பைப் போய்ப் பாருங்கள்.

அயர்லாந்தில் 2018-ல் நடந்தது வேறு. விக்கி ஃபெலன் என்ற பெண்ணுக்கு 2011-ல் எடுத்த ஸ்மியர் நார்மல் என்று வந்தது. 2014-ல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின்னர் பழைய ஸ்லைடை மறுபரிசீலனை செய்து அது தவறு என்று கண்டுபிடித்தும் விட்டார்கள். ஆனால் 2017 வரை அவரிடம் அதைச் சொல்லவில்லை. அவர் கோர்ட்டுக்குப் போய், ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றதால்தான் விஷயம் வெளியே வந்தது. அவரைப் போலவே இருநூறுக்கும் மேற்பட்டவர்களின் பழைய முடிவு மறுபரிசீலனையில் மாறியிருந்தது, அவர்களில் பெரும்பாலோருக்கு அது சொல்லப்படவில்லை என்பதும் தெரிந்தது. அவர் 2022-ல் இறந்துபோனார். பின்னோக்கிப் பார்ப்பது தரக்கட்டுப்பாட்டில் பாதி. பார்த்ததை அந்தப் பெண்ணிடம் சொல்வது மீதிப் பாதி.

ரிப்போர்ட்டில் இருக்கும் சுருக்கெழுத்துகள் எல்லா லேபிலும் ஒன்றுதானா?

ஒன்றாக இருக்க வேண்டும். 1988-ல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் கூடிப் பேசி ஒரு பொது மொழியை உண்டாக்கினார்கள். அதற்கு முன்னால் 'கிளாஸ் 1', 'கிளாஸ் 2' என்று ஆளுக்கொரு பொருளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெதஸ்டா முறை கடைசியாக 2014-ல் திருத்தப்பட்டது. 'என்ஐஎல்எம்' என்றால் கெட்ட மாற்றம் இல்லை. 'அஸ்கஸ்' என்றால் சந்தேகம். 'எல்-சில்' லேசான மாற்றம், 'எச்-சில்' முற்றிய மாற்றம். நடுவில் கோடு போட்டு எழுதுகிறேன். சேர்த்து எழுதினால் 'எச்சில்' ஆகி, வகுப்பில் பாதி நேரம் சிரிப்பிலேயே போய்விடும்.

அஸ்கஸ் என்பது லேபின் குணத்தைக் காட்டிக்கொடுக்கும் கண்ணாடி. தைரியம் இல்லாத லேப் எல்லாவற்றையும் அஸ்கஸ் என்று தள்ளும். அதனால் அஸ்கஸ் எண்ணிக்கை, எல்-சில், எச்-சில் இரண்டும் சேர்ந்த எண்ணிக்கையைப் போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது என்று பொதுவாகப் பார்ப்பார்கள்.

ஸ்லைடு பார்க்கக் கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும்?

செல்லின் பெயர்களைப் படிக்க ஆறு மாதம் போதும். பார்க்கக் கற்றுக்கொள்ள இரண்டு வருஷமாவது ஆகும். நான் இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒரு நாள் ஒரு பெண் வந்தாள்.

"மேடம், முடிச்சிட்டேன். நார்மல்."

"எத்தனை நிமிஷம் ஆச்சும்மா?"

"மூணு."

"அந்தச் சளி இழைக்குள்ள போய்ப் பாத்தியா?"

பதில் இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பத்து மடங்கு லென்ஸில் பெரிய ரோஸ் செல்கள் பூ மாதிரி பரவிக் கிடக்கின்றன. அவற்றுக்கு நடுவே மெல்லிய சளிக் கோடு. அதற்குள் எறும்பு வரிசை மாதிரி ஏழெட்டுச் சின்னச் செல்கள். நாற்பதுக்கு மாற்றினால் நியூக்ளியஸ் கருத்து, ஓரம் கோணலாகி, சுற்றிலும் சைட்டோபிளாசம் நூலளவுதான் இருக்கிறது. எச்-சில்.

"பெரிய செல்லையே பாத்துட்டுப் போயிட்டேன் மேடம்" என்றாள்.

அதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கண் அழகானதிடம் போகும். முற்றிய மாற்றம் பெரும்பாலும் சின்னதாக, தனியாக, மூலையில் இருக்கும். ஒவ்வொரு வட்டமும் முந்தைய வட்டத்தின் மேல் கொஞ்சம் விழுகிற மாதிரி ஸ்லைடை நகர்த்துவது, சந்தேகம் வந்த இடத்தில் பேனாவால் புள்ளி வைப்பது, ஓரத்தைப் பார்க்காமல் விடாதது, இதெல்லாம் கைப்பழக்கம். புத்தகத்தில் வராது.

இந்தியாவில் இந்திய சைட்டாலஜிஸ்ட்கள் அகாடமி சைட்டோடெக்னீஷியன், சைட்டோடெக்னாலஜிஸ்ட் என்று இரண்டு நிலைகளில் தேர்வு நடத்துகிறது. நொய்டாவில் இருக்கும் தேசியப் புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சி நிறுவனமும் பயிற்சி கொடுக்கிறது. வெறும் டிஎம்எல்டி என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்தவரை நேராக ஸ்மியர் ஸ்லைடு முன் உட்காரவைப்பது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. நடக்கக் கூடாது. இலங்கையில் சைட்டோ ஸ்கிரீனர் என்று இதற்கெனத் தனியாகப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். 1996-ல் தொடங்கிய சுக வனிதையர் கிளினிக்குகளில் எடுக்கும் ஸ்மியர்களை அவர்கள்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஒருமுறை பாஸ் பண்ணிவிட்டால் போதுமா?

போதாது. சைக்கிள் ஓட்டுவது மாதிரி இல்லை இது, விட்டால் மறந்துபோகும். அதனால்தான் பிரிட்டனில் ஒருவர் வருஷத்துக்குக் குறைந்தது 3,000 ஸ்லைடாவது பார்த்திருக்க வேண்டும் என்று வைத்தார்கள்.

அமெரிக்காவில் வருஷா வருஷம் பரீட்சை உண்டு. பேத்தாலஜிஸ்ட்டும் எழுத வேண்டும். பத்து ஸ்லைடு, இரண்டு மணி நேரம், 90 மதிப்பெண் எடுத்தால் பாஸ். சரியான பதிலுக்குப் பத்து. ஆனால் எச்-சில் அல்லது புற்றுநோய் ஸ்லைடை நார்மல் என்று எழுதினால் பூஜ்யம் இல்லை, ஐந்து மதிப்பெண் கழிப்பார்கள். மீதி ஒன்பதும் சரியாக இருந்தாலும் 85 தான் வரும், ஃபெயில். இந்தக் கணக்குப் போட்டவர் யாரோ, தொழில் தெரிந்தவர்.

எச்பிவி டெஸ்ட் வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு?

நல்ல கேள்வி. ஆஸ்திரேலியா 2017 டிசம்பரில் முதல் டெஸ்ட்டாக எச்பிவியை வைத்துக்கொண்டது, இங்கிலாந்து 2019-க்குள் மாறிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் 30 வயதிலிருந்து ஐந்து முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை எச்பிவி டெஸ்ட் என்றுதான் 2021-ல் பரிந்துரைத்தது. நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் ஒஸ்மனாபாத் மாவட்டத்தில் 1,31,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2009-ல் வெளியானது. ஒரே ஒரு தடவை எச்பிவி டெஸ்ட் செய்த குழுவில் சாவு ஏறக்குறைய பாதியானது. பாப் ஸ்மியர் குழுவில் அப்படிக் குறையவில்லை.

ஆனால் மெஷின் வந்தால் தரக்கவலை போய்விடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கவலை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். பிரஷ்ஷில் செல்லே வராவிட்டாலும் மெஷின் 'நெகட்டிவ்' என்று அச்சடிக்கும். அதனால் சாம்பிளில் மனிதச் செல் இருக்கிறதா என்று தனியாக ஒரு மனித ஜீனையும் சேர்த்துத் தேடுகிற கிட் நல்லது. ஹைப்ரிட் கேப்ச்சர் 2 என்ற பழைய, நன்கு சோதிக்கப்பட்ட டெஸ்ட்டில் அந்த வசதி இல்லை. அடுத்தது, சாம்பிள் தட்டில் பக்கத்துக் குழியிலிருந்து ஒரு துளி தெறித்தால் போதும், பொய் பாசிட்டிவ். டிஎன்ஏவைப் பெருக்கும் அறையிலிருந்து சாம்பிள் அறைக்கு ஆளோ கோட்டோ திரும்பி வரக் கூடாது என்று ஒருவழிப் பாதை வைப்பது இதற்காக. மாதா மாதம் பாசிட்டிவ் சதவீதத்தை ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள்; திடீரென்று ஏறினால் ஊரில் தொற்று பரவிவிட்டது என்று முடிவுகட்டாமல் மேஜையைத் துடைத்துச் சோதியுங்கள்.

கிட் வாங்கும்போது, ஸ்கிரீனிங்குக்கென்று சரிபார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். 2009-ல் சர்வதேச நிபுணர்கள் வகுத்த அளவுகோலின்படி, புது டெஸ்ட் முற்றிய மாற்றத்தைக் கண்டுபிடிப்பதில் ஹைப்ரிட் கேப்ச்சர் 2-இன் திறனில் 90 சதவீதமாவது, தேவையில்லாமல் பயமுறுத்தாமல் இருப்பதில் 98 சதவீதமாவது எட்ட வேண்டும். வைரஸின் ஒரு துணுக்கைக்கூட விடாமல் பிடிக்கிறது என்று விற்பனையாளர் பெருமையடித்தால் அது இங்கே பெருமை இல்லை. தானாகப் போய்விடும் தொற்றையெல்லாம் பிடித்துப் பெண்களை அலைக்கழிக்கும்.

எச்பிவி பாசிட்டிவ் வந்தவர்களின் ஸ்மியரை மட்டும் பார்க்கிற நிலை வரும்போது இன்னொரு சிக்கல். ஸ்லைடு எண்ணிக்கை விழுந்துவிடும், கைப்பழக்கம் போகும். இங்கிலாந்து தன் லேப்களை எட்டாகச் சுருக்கிக்கொண்டதற்கு ஒரு காரணம் இது. அதோடு, பாசிட்டிவ் என்று தெரிந்துகொண்டே பார்க்கும் கண்ணுக்கு நல்ல செல்லும் சந்தேகமாகத்தான் தெரியும்.

நம் ஊர் முகாம்களில் வினிகர் வைத்துப் பார்க்கிறார்களே, அதற்கு லேப் வேண்டாம் அல்லவா?

லேப் வேண்டாம், பயிற்சி வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் அசிட்டிக் அமிலம் (வினிகரில் இருப்பது; பட்டால் கெட்ட இடம் வெள்ளையாகத் தெரியும்) தடவிப் பார்த்த ஆய்வு 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புற்றுநோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்தன. 30 முதல் 59 வயதுப் பெண்கள், ஒரே ஒரு தடவைதான். ஆனால் அங்கே நர்ஸ்களை விடாமல் கண்காணித்தார்கள். இரண்டு நாள் வகுப்பு எடுத்து அனுப்பிவிட்டு, ஆறு மாதத்தில் எல்லோருக்கும் வெள்ளையாகத் தெரிகிறது அல்லது யாருக்குமே தெரியவில்லை என்று வந்தால் அது வினிகரின் குற்றம் இல்லை.

என்ஏபிஎல் முத்திரை இருந்தால் நம்பலாமா?

முத்திரையை மட்டும் பார்க்காதீர்கள். என்ஏபிஎல் என்பது லேப்களைச் சோதித்து அங்கீகாரம் தரும் தேசிய வாரியம். ஐஎஸ்ஓ 15189 என்ற சர்வதேசத் தரத்தின்படிதான் அது அங்கீகாரம் தருகிறது. இந்தியாவில் லேப்கள் விருப்பப்பட்டு வாங்குவது அது. ஒரு லேபின் எல்லா வேலைக்கும் சேர்த்துத் தருவதில்லை, எந்தெந்த டெஸ்ட்டுக்கு என்று பட்டியல் இருக்கும். ரத்த டெஸ்ட்டுக்கு வாங்கிய முத்திரையை வாசலில் மாட்டிக்கொண்டு உள்ளே சைட்டாலஜியும் நடக்கலாம். சைட்டாலஜி பட்டியலில் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

சின்ன ஊரில் லேப் வைத்திருக்கிறேன். எல்லாம் செய்ய வசதி இல்லை. எங்கே தொடங்குவது?

பெரிய மெஷின் வாங்க வேண்டாம். ஒரு நோட்டு வாங்குங்கள். மாதம் எத்தனை ஸ்மியர், எத்தனை செல்லாதவை, எத்தனை அஸ்கஸ், எத்தனை எச்-சில் என்று எழுதுங்கள். மூன்று மாதத்தில் உங்களுக்கே ஏதாவது உறுத்தும். பிறகு பக்கத்து ஊரில் இன்னொரு பேத்தாலஜிஸ்ட்டோடு பேசி, மாதம் பத்து ஸ்லைடை ரிப்போர்ட் இல்லாமல் மாற்றிக்கொள்ளுங்கள். வெளித் தரச்சோதனைத் திட்டம் கிடைக்காத இடத்தில் இப்படி லேப்களுக்குள் ஒப்பிட்டுக்கொள்வதை ஐஎஸ்ஓவும் ஏற்கிறது. செலவு கூரியர் காசுதான். மாதம் இருபது ஸ்மியர்தான் வருகிறது என்றால், நேர்மையான ஆலோசனை: நன்றாக எடுத்து, ஆல்கஹாலில் நன்றாக ஃபிக்ஸ் பண்ணி, பெரிய லேபுக்கு அனுப்பிவிடுங்கள். ஐரோப்பிய வழிகாட்டி ஒரு லேபுக்கு வருஷம் 15,000 ஸ்மியராவது வேண்டும் என்கிறது. அவ்வளவு நம்மால் முடியாது, ஆனால் இருபது எங்கே!

கம்ப்யூட்டர் பார்த்துவிடும் என்கிறார்களே?

2003-லிருந்தே ஒரு மெஷின் இருக்கிறது. ஸ்லைடைப் படம் பிடித்து, சந்தேகமான 22 இடங்களைக் காட்டும். அந்த 22 இடத்தையும் மனிதர்தான் பார்க்க வேண்டும், ஒன்றில் உறுத்தினால் ஸ்லைடு முழுவதையும் பார்க்க வேண்டும். உதவிக்கு நல்லது. காய்ந்துபோன ஸ்லைடை அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

என் பழைய ஸ்லைடை லேபிலிருந்து கேட்டு வாங்கலாமா?

கேட்கலாம். இன்னொரு டாக்டரின் கருத்துக்காக என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலான லேப்கள் தருகின்றன. பயாப்ஸி மாதிரி இன்னொரு துண்டு வெட்டிக் கொடுக்க ஸ்மியரில் வழியில்லை; அந்த ஒரு ஸ்லைடுதான் எல்லாம். அதனால் லேப் உங்களிடம் கையெழுத்து வாங்கும், சிலர் முதலில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வார்கள். அது உங்கள் நல்லதுக்குத்தான். கைப்பைக்குள் சும்மா போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறாதீர்கள். பிளாஸ்டிக் ஸ்லைடு டப்பா கேளுங்கள், அதுவும் இல்லையென்றால் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துப் போங்கள். பார்த்து முடித்ததும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.